கிட்டத்தட்ட

வினிபெக்கில் அன்றைக்கு மைனஸ் நாற்பது என்றார் தயாபரன்.
முப்பத்தேழு என்றேன் நான்.
விருந்துக்கு வந்தவர்கள் முள்கரண்டியோடு காத்திருந்தார்கள்,
கதை எந்தப் பக்கம் போகுமென்று தெரியாமல்.

"சரி, முப்பத்தேழு.
பெம்பினா வீதியில பஸ்சுக்கு நிக்கிறன்.
ஒரு எட்டு மணி இருக்கும்..."
ஏழே முக்கால்.
"ஏழே முக்கால். பச்சைக் கோட்டோட ஒருத்தி..."
கருநீலம்.

அவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.
பஸ் வருமுன்பே கதை இறங்கிப் போய்விட்டது.

என் வேலை அப்படி.
மருத்துவமனையின் நிலத்தடியில், ஜன்னலில்லாத அறையில்,
பிறர் எழுதிய மருந்துச் சீட்டை இரண்டாம் முறை பார்ப்பவள்.
ஒரு புள்ளி இடம் மாறியிருந்ததை ஒருநாள் கண்டேன்.
அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.
சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை.
இல்லை, அதற்காகத்தான்.

அந்தக் கண்ணை லாக்கரில் வைத்துவிட்டு வர முடிவதில்லை.
வீட்டுக்குள் நுழைந்ததும் அது
கோப்பைகளின் காதுகள் எந்தத் திசையில் என்று பார்க்கிறது.
அவர் மடித்த துவாய்களை
அவர் குளிக்கும் நேரத்தில் திரும்ப மடிக்கிறது.
தேங்காய்ப்பூப் பொதியில் அவர் எழுதிய திகதிக்கு
வருடத்தைச் சேர்க்கிறது.

பத்து வருடங்கள்.
பதினொன்று. அத்தோடு நான்கு மாதம்.

எப்போது தொடங்கியதென்று சரியாகச் சொல்ல முடியவில்லை,
எனக்கே இது புதிது.
ஒவ்வோர் எண்ணுக்கு முன்பும் அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு எல்லாவற்றுக்கும் முன்னால் "கிட்டத்தட்ட" போட்டார்,
வழுக்கும் படியில் உப்புத் தூவுவதுபோல.
பிறகு கதை சொல்வதையே விட்டார்.
விருந்துகளில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.
நன்றாகவே கழுவுவார்.
நான் திரும்பவும் கழுவுவேன்.

போன பெப்ரவரியில் ஓர் இரவு
உடுப்புக் கூடையோடு படியிறங்கினேன்.
கராஜ் கதவு ஒருக்களித்திருந்தது.
போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
பனி தள்ளும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
மறுமுனையில் ஒன்றுவிட்ட தம்பி,
கலியாணம் பேசிவைத்துப் பயந்துபோயிருப்பவன்.

"மைனஸ் நாற்பத்தஞ்சடா.
கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பஸ் இல்லை.
பச்சைக் கோட்டுக்காரி ஒருத்தி
தன்ர கையுறை ஒண்டைக் கழட்டி எனக்குத் தாறாள்..."

பத்து நிமிடம்.
கருநீலம்.
கையுறையை நான் கழற்றவேயில்லை.
எப்போதும் ஒரு சோடி கூடுதலாகப் பையில் வைத்திருப்பேன்,
அதைத்தான் கொடுத்தேன்.
மூன்று பிழை. குளிரையும் சேர்த்தால் நான்கு.
நான்கும் என் வாய்க்குள் வரிசையில் நின்றன.

"...வெறுங்கையைப் பொக்கெட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு
விறைச்சுப்போய் நிக்கிறாள்.
என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
அதுக்குப் பிறகு எனக்குக் குளிரேல்லையடா."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.
அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது,
இருப்பதில் பாதியைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பவளை.
அவளோடுதான் அவர் இவ்வளவு காலம் குடியிருக்கிறார்.
நான் இடையிடையே வந்து
திருத்திவிட்டுப் போகிறேன்.

மாறிவிட்டேன் என்று எழுதினால் அது பிழை.
நேற்று மட்டும் மூன்று தடவை.
பாலின் காலாவதித் திகதி,
'வாற வெள்ளி'க்கும் 'அடுத்த வெள்ளி'க்கும் உள்ள வித்தியாசம்,
அவருடைய தாயார் இறந்தபோது என்ன வயது என்பது.
மூன்றாவதைச் சொன்னதும் நாக்கைக் கடித்தேன்.
சரியாகத்தான் சொன்னேன்.
அதுதான்.

ஆனால் மேல்தட்டில், பெட்டிக்குள் கிடக்கும் அந்தக் கோட்டை
இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.
பச்சையாகவும் இருக்கலாமோ என்றொரு சந்தேகம்.
தீர்க்காமல் வைத்திருக்கிறேன்.
என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்,
இது லேசான காரியமில்லை.

இன்று காலை சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி கேட்டார்,
வெளியே என்ன குளிர் என்று.
போன் கையில் இருந்தது. எண்ணும் இருந்தது.
"கிட்டத்தட்ட முப்பது" என்றேன்.

கயிற்றைப் பாதியில் விட்டு நிமிர்ந்தார்.

கிட்ட. தட்ட.
கிட்ட வந்து, தட்டுவது.
சொல் பிறந்த விதம் அதுவல்ல, தெரியும்.
குளிர் இருபத்தெட்டு.
அதுவும் தெரியும்.